குதிரையின் குளிர்கால ரோமமும் விழிஞ்ஞத்துப் பகற்பொழுதும்

வட இந்தியாவிலிருந்து கார்த்திகை, மார்கழி மாதங்களில் தென்கோடிக் கடற்கரைக்கு வந்து சேரும் குதிரை, தன் நாட்டுக் குளிருக்கென வளர்த்த ரோமத்துடனேயே வருகிறது. விழிஞ்ஞம் போன்ற ஊரில் அதற்கு அந்த ரோமம் ஒரு நாளும் தேவைப்படுவதில்லை. குதிரையை வாங்கியவர், “இவ்வூர் வெயிலில் இரண்டு வாரத்தில் தானே உதிர்ந்துவிடும்” என்று எண்ணிக் காத்திருப்பார். தை கழிந்து மாசி பிறந்தும் ரோமம் உதிராது. பங்குனியில் காற்றும் நின்று, கடலோர ஈரம் கனத்து நிற்கும் பிற்பகலொன்றில் குதிரை மூச்சுவாங்கத் தொடங்கும்போதுதான் கள ஊழியருக்கு ஆள் வரும். வெயில் அடித்தும் ரோமம் உதிராதது ஏன் என்பதையும், அதனை உதிர்ப்பதற்கு நாம் எவ்வாறு துணை செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

விழிஞ்ஞத்திற்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞ்ஞக் கோட்டையை அழித்து, வேணாட்டரசனின் யானைகளையும் குதிரைகளையும் குலதனத்தையும் கைக்கொண்டதாக அவனது சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியானதையும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்ததையும் எழுதியுள்ளார். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாமையும் நாட்டின் தட்பவெப்பமும் அவர் கூறும் காரணங்கள். அக்குதிரைகள் ரோமத்தால் மடிந்தன என்று நாம் சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு நாட்டின் பருவத்துக்கு இசைந்த உடலை வேறொரு நாட்டின் பருவத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போது எழும் தொல்லை அன்றும் இன்றும் ஒன்றேயாகும்.

குதிரை தன் ரோமத்தை மாற்றிக்கொள்வது உஷ்ணத்தை உணர்ந்து அன்று. பகலின் நீளத்தை உணர்ந்தே. இதுவே இப்பாடத்தின் அடிப்படை. கண்ணில் விழும் ஒளியின் செய்தி மூளையிலுள்ள பினியல் சுரப்பியைச் சென்றடைகிறது. இருள் நேரத்தில் மட்டும் அச்சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். இரவு குறுகினால் அதுவும் குறுகும். டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளுக்குப் பின் வடகோளத்தில் பகல் நீளத் தொடங்குகிறது. மெலடோனின் குறையக் குறைய, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்கால்களை உறக்கத்திலிருந்து எழுப்புவது இப்புரோலாக்டினே. மருந்தின் மூலம் இதன் அளவை உயர்த்தியபோது, குதிரைகள் குளிர் நீங்கும் முன்னரே ரோமம் உதிர்த்தமை சோதனைகளில் காணப்பட்டுள்ளது. ஆகவேதான் வடநாட்டில் இன்னும் கடுங்குளிர் நிலவும் பிப்ரவரி மாதத்திலேயே குதிரையின் முதுகைத் தடவினால் கையோடு ரோமம் வருகிறது. அவ்வாறே ஜூன் 21-க்குப் பின் பகல் குறுகத் தொடங்கியதும், வெயில் கொளுத்தும்போதே அடுத்த குளிர்காலத்திற்கான ஆயத்தம் தோலுக்குள் தொடங்கிவிடுகிறது. குளிரும் வெப்பமும் ரோமத்தின் அடர்த்தியைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். காலத்தைக் குறிப்பது ஒளியே.

இனி, விழிஞ்ஞத்துக் குதிரைக்குக் கிட்டும் ஒளிச் செய்தி எவ்வளவு வலிமையுடையது என்று பார்ப்போம். லடாக்கிலுள்ள லே நகரில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 14 மணி 25 நிமிடம். மிகக் குறுகிய பகல் 9 மணி 50 நிமிடம். வேறுபாடு நாலரை மணி நேரத்துக்கும் மேல். தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அமைந்துள்ள அரியானாவின் ஹிசாரில் இவ்வளவுகள் முறையே சுமார் 14 மணி, 10 மணி 15 நிமிடம். விழிஞ்ஞமோ நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்குச் சற்றே அதிகமான தொலைவில் உள்ளது. இங்கு மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 36 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 38 நிமிடம். ஆண்டு முழுவதிலும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. லேயில் உரக்க ஒலிக்கும் மணி இங்கே காதில் விழாத முணுமுணுப்பாகிவிடுகிறது.

ஆசிரியர்கள் இதனைக் கருவி எதுவுமின்றி மாணவர்களுக்குக் காட்டலாம். பஞ்சாங்கத்தில் ‘அகசு’ என்று குறிக்கப்படுவது பகலின் அளவு, நாழிகையில் தரப்படுவது. ஒரு நாழிகை 24 நிமிடம். மார்கழி முதல் ஆனி வரை வாரத்திற்கு ஒரு நாள் அகசைக் குறித்துக் கோட்டுப்படம் வரையச் சொன்னால், விழிஞ்ஞத்துப் பகல் இரண்டரை நாழிகைக்குள் ஏறி இறங்குவதை மாணவர் தாமே காண்பர். லேயின் பகல் பதினொரு நாழிகைக்கு மேல் ஏறி இறங்குவதாகும். ஓர் எச்சரிக்கை: விழிஞ்ஞம் கடலில் சூரியன் மறைவதைக் காண ஏற்ற இடமாதலால், மறையும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு பகலை அளக்க மாணவர் முற்படுவர். இது பிழையான முடிவைத் தரும். இங்குச் சூரியன் மிக முன்னதாக மறைவது நவம்பர் நடுப்பகுதியில். மிகக் குறுகிய பகலோ டிசம்பர் பிற்பகுதியில். உதயமும் மறைவும் சேர்ந்தே பகல்.

பகலின் மாற்றம் இவ்வளவு சிறிதாயின், இங்குள்ள குதிரை ரோமம் உதிர்ப்பதே இல்லையா என்ற கேள்வி எழும். உதிர்க்கத்தான் செய்கிறது. குதிரையின் உடலில் ஆண்டுச் சுழற்சி ஒன்று உள்ளார்ந்து அமைந்துள்ளது. ஒளி அதனைத் திருத்தி நிறுத்தும் முள்ளைப் போன்றது. ஒளியின் மாற்றம் சிறிதாக இருக்குமிடத்தில் சுழற்சி நின்றுவிடாது. ஆனால் உதிர்தல் தெளிவாகத் தொடங்கி விரைவில் முடியாமல், அரைகுறையாக நீண்டுகொண்டே போகும். ஒரே லாயத்தில் ஒரு குதிரை மாசியில் பளபளப்பாகவும் மற்றொன்று சித்திரையிலும் திட்டுத்திட்டாகவும் நிற்பதுண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த குதிரைக்கு முதலிலேயே ரோமம் நீளமாக வளராதாகையால் தொல்லை குறைவு. வடக்கிலிருந்து புதிதாக வந்ததே நம் கவலைக்குரியது.

அதிலும் வந்த மாதத்தைக் கேட்டறிதல் வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. அப்போது அவை கோடை ரோமத்துடன் வழவழப்பாக இருக்கும். இராஜஸ்தானில் புஷ்கர் சந்தை கூடுவதோ கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி; அங்கு வாங்கப்படும் குதிரை குளிர்கால ரோமம் முளைத்துவரும் நிலையில் இருக்கும். இனமும் முக்கியம். மார்வாரி, கத்தியவாரி ஆகியவை வறண்ட வெப்ப நிலத்தின் குதிரைகள். குளிர்காலத்திலும் அவற்றின் ரோமம் மெல்லியதே. ஜான்ஸ்காரி, ஸ்பிதி, பூட்டியா ஆகிய மலைமட்டங்கள் மேனி முழுவதும் அடர்ந்த சடையுடன் நிற்பவை. இத்தகையதொன்றைக் கடற்கரைக்குக் கொண்டுவருவதைத் தவிர்க்குமாறு சொல்வதே ஊழியரின் முதற் கடமை என்பது என் கருத்து.

ரோமத்தின் அமைப்பைச் சிறிது அறிந்தால் செய்முறை எளிதில் விளங்கும். மயிர்க்கால் ஒவ்வொன்றும் வளர்ச்சி, ஒடுக்கம், உறக்கம் என்ற மூன்று நிலைகளை மாறிமாறி அடைகிறது. உறங்கும் மயிர்க்காலில் பழைய ரோமம் வேர் தடித்து, குண்டாந்தடி போன்ற அடியுடன் வெறுமனே செருகப்பட்டு நிற்கும். மயிர்க்கால் விழித்துப் புது ரோமம் கீழிருந்து முளைக்கும்போது பழையது நெகிழ்ந்து விழுகிறது. உதிர்ந்த ரோமத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அதன் அடியில் சிறு குமிழைக் காணலாம். கத்தரித்த ரோமத்தில் அது இராது. பிடரியும் வாலும் இச்சுழற்சிக்கு உட்பட்டவை அல்ல. அவை பருவந்தோறும் உதிர்வதில்லை. ஆகவே பிடரியும் வாலும் உதிர்ந்து சொட்டையானால் அதனைப் பருவ மாற்றம் என்று கருதி வாளாவிருத்தல் கூடாது.

இப்போது துணை செய்யும் வழிகளுக்கு வருவோம். ஒளியே தூண்டுகோல் என்றமையால் ஒளியிலிருந்தே தொடங்குதல் முறை. குதிரைப் பண்ணைகளில் பெண் குதிரைகள் முன்னதாகப் பருவத்துக்கு வருவதற்காக, நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளியும் 8 மணி நேரம் இருளும் கிடைக்குமாறு செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ரோமம் முன்கூட்டியே உதிர்தல் அதன் உடன்விளைவு. அதே முறையை நாம் ரோமத்திற்காகக் கையாளலாம். காலை ஆறரைக்குப் பொழுது விடியும் மாதத்தில், மாலை மங்கு முன்னரே லாயத்தில் விளக்கேற்றி இரவு பத்தரை வரை எரியவிட வேண்டும். லாயத்தின் எந்த மூலையில் நின்றும் செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் ஒளி போதுமானது. விடியலுக்கு முன் விளக்கேற்றுவதைவிட மாலையை நீட்டுவதே பயன் தரும். இரவு முழுவதும் எரியவிடுவதால் பயன் மிகாது. குதிரைக்கு இருளும் வேண்டும். பலன் தெரிய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். ஆகவே சித்திரை வெப்பத்திற்கு முன் ரோமம் நீங்க வேண்டுமாயின் மார்கழியின் இறுதியில், மிகத் தாமதித்தாலும் தையின் தொடக்கத்தில், விளக்கேற்றியாக வேண்டும். ரோமம் உதிரத் தொடங்கியதும் திடீரென்று நிறுத்தினால் குதிரையின் உடல் பகல் குறுகிவிட்டதாகக் கொள்ளும். பெண் குதிரையாயின் முன்கூட்டிப் பருவத்துக்கு வரும் என்பதை உடையவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது தேய்த்தல். இது ரோமத்தை உதிரச் செய்வதில்லை. நெகிழ்ந்து நிற்பதை அகற்றுகிறது. ரப்பர்ப் பற்களுள்ள கைத்தேய்ப்பானைக் கொண்டு கழுத்திலிருந்து தொடங்கி, தோள், முதுகு, விலா, தொடை என வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். எலும்பு மேலெழுந்த முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் இதனைப் பயன்படுத்தலாகாது; அங்கு மென்மையான தூரிகையே போதும். எழுந்துவந்த ரோமத்தையும் பொடுகையும் பின்னர் நார்த்தூரிகையால் ரோமம் படிந்த திசையிலேயே துடைத்தெடுக்கலாம். நாள்தோறும் அரைமணி நேரம் போதுமானது. சிலர் இரும்பறுக்கும் வாளின் உடைந்த துண்டால் வழிப்பதுண்டு. நெகிழாத ரோமத்தையும் அது அறுத்துவிடும், தோலையும் கீறும். பழகாத கையில் அதைக் கொடுக்க வேண்டாம். தேய்ப்பதற்கு முன் அதிகாலையில் அரைமணி நேரம் நடத்திச் சென்றால் தோலில் இரத்த ஓட்டம் மிகும், வேலை எளிதாகும்.

ஈரமான ரோமத்தைத் தேய்க்கக் கூடாது. கடலோர ஊர்களில் குதிரையை அலையில் இறக்கிக் குளிப்பாட்டும் ஆசை இயல்பானது. கடல்நீர் உலர்ந்தபின் நீண்ட ரோமத்தின் அடியில் உப்புத் தங்கித் தோலை அரிக்கும். குதிரை தூணில் உராய்ந்து புண்ணாக்கிக்கொள்ளும். கடலில் இறக்கினால் உடனே கிணற்று நீரால் அடிவரை அலச வேண்டும். சாக்கைப் போர்த்தி வியர்க்கச் செய்தால் ரோமம் உதிரும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. அவ்வாறு நிகழ்வதில்லை, இச்சீதோஷ்ண நிலையில் அது ஆபத்தான செயலுமாகும்.

புது ரோமத்தை ஆக்கும் பொருள் உணவிலிருந்தே வரவேண்டும். ரோமம் பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதமே; கந்தகம் செறிந்த அமினோ அமிலங்களும் துத்தநாகமும் தாமிரமும் அதற்குத் தேவை. கொள்ளு, நம் நாட்டில் குதிரைக்கென்றே பெயர்பெற்ற புரத உணவு. ஊறவைத்தோ வேகவைத்தோ அளிக்கலாம். கொதிக்கவைத்த ஆளிவிதை சிறிதளவு சேர்த்தால் மேனி மினுமினுக்கும். தவிட்டை மட்டுமே நம்பி வளர்ப்பவரைக் கண்டால் திருத்த வேண்டும்: தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, நாளடைவில் எலும்பு நலிந்து முகம் வீங்கும். வியர்வையில் உப்பு வெளியேறுவதால் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் உப்பும் எந்நேரமும் தண்ணீரும் தேவை.

விளக்கேற்றும் காலம் தவறிவிட்டதாயின் கத்தரித்தலே வழி. பங்குனி பிறந்தும் ரோமம் இரு விரற்கடை நீளம் நின்றால் தயங்க வேண்டியதில்லை. குதிரை உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்கையில், மின்கத்தரியை ரோமத்துக்கு எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். கத்தரி சூடாகிறதா என்று அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்தல் அவசியம். வாயையும் கண்ணையும் சுற்றியுள்ள நீண்ட முடிகள் குதிரைக்குத் தொடுவுணர்வு தருவன. அவற்றை விட்டுவிட வேண்டும். கத்தரித்த பின்னும் அடிக்கட்டைகள் மயிர்க்காலில் இருக்கும். அவை பின்னர் மெல்ல உதிர்ந்து புது ரோமம் வரும். வெளிர்நிறத் தோலுடைய குதிரையைச் சில நாள் நிழலில் கட்டுவது நன்று.

இவ்வளவு அவசரம் ஏன் எனில், குதிரை தன் உடல் வெப்பத்தைத் தணிப்பது பெரும்பாலும் வியர்வையால். வியர்வை உலர்ந்தால்தான் வெப்பம் நீங்கும். விழிஞ்ஞத்தின் ஈரக்காற்றில் அது உலர்வதே கடினம். நீண்ட ரோமம் அதன்மேல் மற்றொரு தடை. போதாக்குறைக்கு, ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகள் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஐரோப்பியக் குதிரைகளில் இந்நோய் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விவரிக்கப்பட்டது. வேலைக்குப் பின் மற்றக் குதிரைகள் நனைந்து நிற்க, ஒன்று மட்டும் உலர்ந்த மேனியுடன் நாசி விரித்து மூச்சுவாங்கினால் ஐயுற வேண்டும். நலமுள்ள குதிரையின் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். ஓய்வில் நிமிடத்திற்கு 8 முதல் 16 மூச்சு. ஆசனவாய் வெப்பமானி 40 பாகையைத் தாண்டினால் நிழலுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் இடைவிடாது ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். சுடான குதிரைமேல் குளிர்நீர் ஊற்றலாகாது என்ற பழைய கருத்து தவறென்று இப்போது தெளிவாகியுள்ளது.

உதிராமை எல்லாம் ஒளிக்குறைவால் என்று கொள்ளவும் கூடாது. குடற்புழு, தேய்ந்த பற்களால் நேரும் ஊட்டக்குறைவு, நம் நாட்டில் பரவலாக உள்ள சர்ரா நோய் ஆகியவற்றாலும் ரோமம் மங்கி, உதிராமல் நிற்கும். வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தால் படர்தாமரையாகலாம்; அக்குதிரைக்குப் பயன்படுத்திய தூரிகை மற்றொன்றைத் தொடக்கூடாது. மூக்கிலிருந்து சீழ் ஒழுகி, தோலில் கழலைகளும் உடைந்த புண்களும் காணப்படுமாயின் தேய்ப்பதையே நிறுத்திவிட்டு உடனே அறிவிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றி உயிரைப் போக்கக்கூடிய கிளாண்டர்ஸ் நோயாக இருக்கக்கூடும். அறிவிப்பது சட்டப்படியான கடமையும் ஆகும்.

பதினைந்து வயதைக் கடந்த குதிரை தனி வகை. தாடையின் கீழும் தொண்டையிலும் வயிற்றிலும் கால்களின் பின்புறத்திலும் ரோமம் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு உதிர்தல் தாமதமாகி, முடிவில் சுருண்ட நீள்சடையாக நிலைத்துவிட்டால் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு என்று கருத இடமுண்டு. மிகுதியாக நீர் குடித்தல், முதுகுத் தசை கரைதல், காரணமின்றிக் குளம்பு வீங்கி நொண்டுதல் ஆகியவை உடன் வரும். எவ்வளவு ஒளி தந்தாலும் இத்தகைய குதிரை உதிர்க்காது. இரத்தச் சோதனையால் நோயை உறுதிசெய்து, பெர்கோலைடு என்னும் மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் மாசியில் கத்தரித்தும் விட வேண்டும்.